காயத்தின் கணக்கு

அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் விபத்துப் பதிவேடு ஒன்று உண்டு. அடிபட்டு வந்தவனின் பெயர், வயது, விலாசம், அழைத்து வந்தவர் இன்னார், உடலில் காணும் அங்க அடையாளங்கள் இரண்டு, எப்போது எங்கே எதனால் அடிபட்டதாகச் சொல்லப்படுகிறது, காயங்கள் எத்தனை, அவை சிறு காயமா கொடுங்காயமா, காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்றா - இவ்வளவும் அதில் எழுதப்பெறும். பின்னர் அதன் நகலைக் காவலர் கேட்பார், வழக்கறிஞர் கேட்பார், இழப்பீட்டு வழக்கு வந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் நேராதவர் ஒருவர் உண்டு. அதே சாலையில் அதே விதமாக அடிபட்டு நாளை வரப்போகிறவனுக்கு வைத்தியம் செய்ய வேண்டியவரே அவர்.

இதைக் குறையாக நாம் சொல்லவில்லை. குற்றம் நடந்திருந்தால் சாட்சியம் வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்றியவன் கால் இழந்தால் அவனுக்கு நட்ட ஈடு வேண்டும். ஆயினும், காயம் என்றாலே வழக்கு என்று எண்ணிப் பழகிவிட்ட மனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பரமானந்த் கட்டாரா வழக்கு காட்டிற்று. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மோதுண்டு விழுந்தார். தூக்கிச் சென்ற மருத்துவமனையில், வழக்குத் தொடர்பான காயங்களைப் பார்க்க இங்கே அதிகாரம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மற்றொரு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது. உயிரைக் காப்பதே முதற்கடமை, எழுத்து வேலைகளெல்லாம் அதற்குப் பின்னரே என்று நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, காயத்தை எழுத வேண்டுமா என்ற வினாவைக் காட்டிலும், காயத்தை யாருக்காக எழுதுகிறோம் என்ற வினாவே நம் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

ட்ராமா ரெஜிஸ்ட்ரி என மருத்துவ உலகம் வழங்குவதை நாம் காயம்பட்டோர் பதிவேடு என்போம். அதன் கேள்விகள் வேறு. அடிபட்டது எத்தனை மணிக்கு? முதல் உதவிக் கை எப்போது எட்டியது? எந்த வண்டியில் வந்தான்? வந்த பொழுது இரத்த அழுத்தம் என்ன, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, நினைவு இருந்ததா? அறுவை மருத்துவர் எப்போது பார்த்தார்? இரத்தம் ஏற்றியது எப்போது? வேறிடத்துக்கு அனுப்பினார்களா? முடிவு என்ன? இவற்றுள் எதுவும் 'யார் குற்றவாளி' என்று கேட்பதில்லை. நேரம் எங்கே கைநழுவிற்று என்றே கேட்கிறது. கணிப்பொறியில் ஏற்றிய முதற் பதிவேடு 1969இல் சிகாகோ நகரின் குக் கவுண்டி மருத்துவமனையில் தோன்றியது; 1971இல் இல்லினாய் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2001இல் தன் மருத்துவமனைகள் அனைத்தையும் ஒரே ஏட்டில் இணைத்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் அங்கே கடுங்காயம் பட்டோர் இறப்பது குறைந்ததை அந்த ஏடே காட்டியது.

அந்நாடுகள் செல்வமுடையவை. காயமோ ஏழை நாடுகளில் மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எல்லா வகைக் காயங்களாலும் ஆண்டுதோறும் இறப்போர் ஏறத்தாழ 44 லட்சம் பேர். சாலையில் மட்டும் 2021இல் மாண்டவர் 11 லட்சத்து 90 ஆயிரம்; அவர்களுள் பதின்மரில் ஒன்பதின்மர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளைச் சேர்ந்தோர். உலகின் வாகனங்களிலோ சுமார் அறுபது விழுக்காடே அந்நாடுகளில் ஓடுகின்றன. எங்கே காயம் மிகுதியோ அங்கே ஏடு இல்லை. எங்கே ஏடு உண்டோ அங்கே காயம் குறைவு. இது தற்செயலாக அமைந்த பொருத்தம் என்று நாம் எண்ணவில்லை.

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்வதும் பொருந்தாது. 2013 முதல் 2015 வரை டில்லி, மும்பை, கல்கத்தா நகரங்களிலுள்ள நான்கு பெரிய பொது மருத்துவமனைகளில் ஏறத்தாழ 16,000 காயம்பட்டோரின் விவரங்களை ஓர் ஆய்வுக் குழு திரட்டியது. தமிழகத்தில் 2008 செப்டம்பரில் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. பின்னர் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான மாநிலத் திட்டம் வந்தது. வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனத் தரம் பிரிப்பதும், அவர்களைப் பதிவு செய்வதும் அதன் கூறுகள். 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவர் எவ்வூரார் ஆயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது. தொடக்கத்தில் அதன் வரம்பு ஒரு லட்சம் ரூபாய். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை அருகே ஓட, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகளும் ஜல்லி லாரிகளும் இரவு பகலாகப் போய் வரும் காஞ்சி வட்டாரத்தார்க்கு இவை வெறும் செய்தித்தாள் செய்திகள் அல்ல.

இனி, அறம் பற்றிய வினாவுக்கு வருவோம். ஏட்டில் பெயர் ஏறுவது பெரும்பாலும் பெயருக்கு உரியவனின் நன்மைக்கே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திவானை ஏற்படுத்தினார்கள். திவான் என்பது இங்கே அமைச்சரைக் குறித்து வழங்கியதால் அதன் ஆதிப்பொருள் பலருக்குத் தெரிவதில்லை. அது பதிவேட்டின் பெயர். அதில் பெயர் ஏறியவருக்கு மானியம் கிடைத்தது. கடன் பத்திரம் எழுதுவதும் கொடுத்தவன், வாங்கியவன் இருவர் உரிமையையும் காக்கவே. காயம்பட்டோர் பதிவேடு இவற்றினின்றும் வேறுபட்டது. இரத்தம் ஒழுகக் கிடக்கிறவனின் மூச்சை எண்ணி எழுதுவது சிகிச்சைக்கு உதவும். ஆனால் அதை ஏட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் ஆயிரம் பேரோடு சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அவன் பிழைத்து வீடு சென்றிருப்பான், அல்லது அடக்கமாகியிருப்பான். பயன் முழுவதும் பின்னால் வரும் முகமறியாதவனுக்கு. ஒருவனுடைய வேதனையை, அவன் சம்மதம் கேட்கக்கூட வழியில்லாத நிலையில், இன்னொருவனுக்காக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?

இங்கே நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஒரு கலையின் பெயர் நினைவுக்கு வருகிறது. ஹதீஸை அறிவித்தவர்களின் நம்பகத்தை ஆராயும் கலைக்கு 'ஜர்ஹ் தஃதீல்' என்று பெயர். ஜர்ஹ் என்னும் அரபுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் காயம். அறுவை மருத்துவனுக்கு ஜர்ராஹ் என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்தே. ஓர் அறிவிப்பாளர் மறதிக்காரர், பொய்யர், முதுமையில் குழம்பியவர் என்று எழுதுவது அவரைக் காயப்படுத்துவதாகும் என்பதை அக்கலையை வகுத்தவர்கள் மறைக்கவில்லை. பெயரிலேயே அதை ஒப்புக்கொண்டார்கள். இது புறம் பேசுதலாகாதா என்ற கேள்வி அவர்களை எதிர்நோக்கியது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் புறம் கூறல் ஆகுமாகும் ஆறு இடங்களை எண்ணும்போது இதையும் அவற்றுள் அடக்கினார்கள். காரணம், அந்த ஒருவரின் குறையை எழுதாது விட்டால் பின்வரும் தலைமுறைகள் முழுவதும் ஏமாறும். ஆனால் இந்த அனுமதிக்கு எல்லை உண்டு: தேவையான அளவே சொல்ல வேண்டும், தேவை எதுவோ அதற்கே அது பயன்பட வேண்டும். ஒருவரின் ஞாபகக் குறைவைச் சொல்ல வந்தவர் அவர் வீட்டுச் சச்சரவைச் சொல்லத் தொடங்கினால் அது மீண்டும் புறம் கூறலே.

இந்த அளவுகோலை நம் பதிவேட்டின் மீது வைத்துப் பார்ப்போம். அடிபட்டவன் குடித்திருந்தானா என்று பதிவேடு கேட்கும். தலைக்கவசம் அணிந்திருந்தானா என்றும் கேட்கும். எத்தனை பேர் கவசமின்றி மண்டை உடைந்து வருகிறார்கள் என்று தெரிவது நன்மையே. ஆனால் அதே வரி, அவன் பெயரோடு சேர்ந்து காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், அவன் விதவைக்கு வர வேண்டிய தொகையைக் குறைக்கப் பயன்படுமானால் என்ன ஆகும்? முதலில் அக்குடும்பம் வஞ்சிக்கப்படும். அடுத்து, அதை அறிந்த ஊரார் இனி உண்மை சொல்ல மாட்டார்கள். "படியில் வழுக்கி விழுந்தான்" என்று சொல்லி அழைத்து வருவார்கள். எழுதுகிறவரும் இரக்கப்பட்டு அப்படியே எழுதுவார். இரக்கத்தால் பொய்யாகும் ஏடு, பகையால் பொய்யாகும் ஏட்டைவிடச் சிறந்ததன்று. நாம் பள்ளியில் வருகைப் பதிவேடு வைத்த காலத்தில், வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறியிடும் நல்ல மனத்து ஆசிரியர்களைக் கண்டதுண்டு. அப்பிள்ளை பல நாளாய் எங்கே போகிறான் என்பது கடைசியில்தான் தெரிய வரும்.

எனவே, வைத்தியத்துக்காக எழுதிய காயமும் வழக்குக்காக எழுதிய காயமும் இரு வேறு ஏடுகளில் இருக்க வேண்டும் என்பது நம் துணிபு. முதலாவது ஏட்டினின்று கூட்டுத்தொகை வெளியே போகலாம், பெயர் போகலாகாது. அது அமானத்து. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதமின்றியும் ஒருவர் விவரத்தைக் கையாள இடம் தருகிறது. அவசரம் தீர்ந்த பிறகு அந்த விவரம் யாருடையது என்பதை, சட்டம் சொல்லும்வரை காத்திராமல், ஏட்டை வைத்திருப்பவரின் மனசாட்சியே முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஜர்ஹைப் பற்றிப் பேசினோம், தஃதீலை மறக்கலாகாது. அதன் வேர் அத்ல் - நீதி, சமன் செய்தல். காயங்களை எண்ணுவதோடு நின்றால் பதிவேடு அநீதி செய்யும். ஒரு மருத்துவமனையில் நூற்றுக்கு இருபது பேர் இறந்தனர், மற்றொன்றில் ஐவரே இறந்தனர் என்றால் முன்னது கெட்டது என்று ஊர் சொல்லும். முன்னதற்கே கடுங்காயம் பட்டோரெல்லாம் அனுப்பப்படுகிறார்கள் என்பதை யார் சொல்வது? 1974இல் சூசன் பேக்கரும் அவருடன் உழைத்தோரும் காயத்தின் கடுமையை எண்ணால் அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அதன்பின் சமமான காயத்தோடு சமமான காயத்தை ஒப்பிட முடிந்தது. ஆனால் அம்முறைக்கு உடலின் ஒவ்வொரு காயத்தையும் படமெடுத்தும் அறுத்தும் அறிந்திருக்க வேண்டும். அதற்கான கருவி ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் ஏது? உகாண்டாவின் கம்பாலா நகரத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே மருத்துவர் ஒலிவ் கோபுசிங்கியே முதலானோர் வகுத்த முறையில் வயது, கடுங்காயங்களின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு நிலை ஆகிய ஐந்தே போதும். படிவம் ஒரு பக்கத்தில் அடங்கிற்று. வறுமை கற்பித்த சிக்கனம் என்று அதைச் சொல்லலாம். அறிவு கற்பித்தது என்று சொல்வதே பொருத்தம். பிற நாட்டார் வகுத்த நூறு கேள்விகளைப் பாதி நிரப்புவதைவிட நம் கைக்கு எட்டும் இருபது கேள்விகளை முழுதும் நிரப்புவது மேல்.

மெய்யாக எண்ணுகிறவனுக்கே கெட்ட பெயர் வருவதும் உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிகுதியான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தோர் 17,884. உத்தரப் பிரதேசத்தில் பதிவான விபத்துகள் 41,746, இறந்தோரோ 22,595. இந்த எண்களை எழுத்தின்படியே நம்பினால், அங்கே இரண்டு விபத்துக்கு ஒருவருக்கு மேல் இறக்கிறார். இங்கே மூன்றரை விபத்துக்கு ஒருவர். அங்குள்ள சாலைகள் அவ்வளவு கொடியவையா, அல்லது உயிர் போகாத விபத்துகள் பல அங்கே ஏடேறவில்லையா? இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் தலைப்புச் செய்தி என்னவோ, விபத்தில் தமிழகம் முதலிடம் என்பதுதான். இத்தகைய செய்திக்கு அஞ்சி எண்ணத்தைக் குறைக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைக்க ஓர் அதிகாரி முற்பட்டால் ஏடு அன்றே செத்துப்போகும். அதோடு, இவை காவல்துறை ஏட்டின் கணக்கு. தென்னையிலிருந்து விழுந்தவன், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன், அடுப்பில் சேலை பற்றியவள் ஆகியோர் சாலைக் கணக்கில் வரமாட்டார்கள். மருத்துவமனை ஏடு ஒன்றே அவர்களையும் காணும்.

இனி, நம் ஊர்க்காரர்க்கு எளிதில் விளங்கும் ஒன்றைச் சொல்வோம். காஞ்சியில் நெசவாளனுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் பட்டு நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. சரிகையும் கணக்குப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. நெய்து கொண்டு வந்த சேலையும் நிறுக்கப்பட்டு ஏட்டில் ஏறும். சாயத்துக்குப் போன பட்டு, பாவு போடப் போன பட்டு, தறிக்குப் போன பட்டு என ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை உண்டு. குறைந்தால் எந்தக் கையில் குறைந்தது என்று சொல்லிவிடலாம். தலையில் அடிபட்ட ஒருவன் காஞ்சியிலிருந்து மேல்சிகிச்சைக்குச் செங்கல்பட்டுக்கோ, எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ அனுப்பப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவரின் ஏட்டில் 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்று அவன் கதை முடிகிறது. பெற்றவரின் ஏட்டில் அவன் வந்த நிமிடத்தில்தான் கதை தொடங்குகிறது. நடுவே கழிந்த நேரம் எந்த ஏட்டிலும் இல்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதை முன்கதிஃ என்பர். கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு உறுதியாயினும், அறுந்த இடம் ஒன்று இருக்குமானால் செய்தி பலவீனமே. அவ்வறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க முன்னோர் செய்தது எளிய வேலை: இவர் இறந்த ஆண்டு எது, அவர் பிறந்த ஆண்டு எது, இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று காலத்தை எழுதி ஒப்பிட்டனர். புறப்பட்ட மணியும் சேர்ந்த மணியும் ஒரே ஏட்டில் இருந்தால் போதும். சாலையில் கரைந்த உயிர்கள் எத்தனை என்று தெரிந்துவிடும். தான் அனுப்பியவன் பிழைத்தானா என்று அனுப்பிய மருத்துவருக்குத் தெரிவிக்கும் வழக்கமும் அதனோடு வர வேண்டும். அது தெரியாமலே ஆண்டுக்கணக்காய் வைத்தியம் செய்கிறவர் எதைக் கொண்டு தம் கையைத் திருத்திக்கொள்வார்?

எழுத ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே செவிலி ஊசியும் போட்டு, கட்டும் கட்டி, உறவினரையும் சமாதானம் செய்துகொண்டிருக்கும் அறையில் அவர் கையில் மேலும் ஒரு படிவத்தைத் திணிப்பது கொடுமை. எழுதுவதற்கென்று ஒருவர் வேண்டும். அவருக்கு அரசே ஊதியம் தர வேண்டும். வெளிநாட்டு நிதியில் தொடங்கிய பதிவேடுகள், நிதி நின்ற நாளில் நின்றுபோனது பல ஏழை நாடுகளின் அனுபவம். ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருக்கும், ஏடு மூடியிருக்கும். அது கூடாதென்றால் ஏடு உள்ளூராரால் படிக்கப்பட வேண்டும். காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றைப் புகழ்வோர், அவற்றிலுள்ள மற்றொரு விதியைச் சொல்வதில்லை: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். கணக்கு எழுதினானா என்று கேட்பதோடு அவ்வூரார் நிற்கவில்லை. சபையில் காட்டினானா என்று கேட்டார்கள். மாதம் ஒருமுறை மருத்துவரும் செவிலியரும் 108 ஊர்தி ஓட்டுநரும் உட்கார்ந்து, இறந்தவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் படிப்பார்களானால், பிழைத்திருக்கக் கூடியவர் யார் என்று துணிந்து கேட்பார்களானால், ஏட்டின் கடமை அப்போதே நிறைவேறும். படிக்கப்படாத ஏட்டுக்காக அடிபட்டவனை அரை நிமிடம்கூட கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை.

"அவன் நேரம் அவ்வளவுதான்" என்று நம்மவர் சொல்வதுண்டு. அஜல் மாறாது என்று நாமும் நம்புகிறோம். ஆனால் எந்த மனிதனின் தவணை எது என்று எவருக்கும் சொல்லப்படவில்லை. இரத்தம் நிறுத்தத் தாமதித்தவன் அத்தவணையின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது.

கடைசியாக, ஏட்டில் வரும் ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்: 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 35.' கோயில் நகரமாகிய காஞ்சிக்கு வருவோர் பலர் வெளியூரார். 2019இல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாள்களில் வந்தோர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி என்றார்கள். நெடுஞ்சாலையில் நடந்து போகிறவரும், ஆலைகளில் உழைக்க வட நாட்டிலிருந்து வந்தவரும் நினைவிழந்து கொண்டுவரப்பட்டால் பேர் சொல்ல யாரும் இரார். தூக்கி வந்த நல்லவரும் நிற்க மாட்டார். அவர் நிற்க வேண்டியதும் இல்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைகளும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்கின்றன. வாசலில் இருப்பவர் அவரிடம் பெயரைக் கேட்பதை விடுத்து, "எத்தனை மணிக்குக் கண்டீர்கள், எந்த இடத்தில்?" என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பிவிடலாம். பதிவேட்டை வகுக்கிறவர்களிடம் நம் வேண்டுகோள் இன்னும் ஒன்று உண்டு: 'அடையாளம் தெரியாத' என்ற சொற்களுக்கு எதிரே ஒரு கோடு இடம் விட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து விழுப்புரத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ யாராவது தேடி வந்தால், அந்தக் கோட்டில் அவன் பெயரை எழுத.